மூல டிஸ்க் மேசையில் இருந்ததா?

எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று ருஷ்னா ஒரு கேள்வி கேட்டாள். எங்கள் திருத்துமிடத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். திகனயில் வீடு.

“சரோ அக்கா, எங்க வாப்பாட வீட்டுக் கம்பியூட்டருக்கு முழு நகல் எடுத்து வைக்கணும். டிஸ்க் செத்துப் போனாலும் நகலைப் போட்டா அப்படியே எழும்பணும். எந்த சொப்ட்வெயார் நல்லம்?”

பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். இப்போதெல்லாம் எல்லாரும் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள், டிஸ்க்கைக் கட்டி அழுவது பழங்காலத்து ஆட்களின் வேலை என்று அவர்களுக்கு எண்ணம். நான் ருஷ்னாவுக்கு இரண்டு பெயர் சொன்னேன். இரண்டும் நல்லவைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பதிலைச் சொல்ல அங்கே வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். எனக்கு நான்கு வயதில் அம்மா தவறிவிட்டார். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார், அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். கண்டியில் தட்டச்சு படித்தேன், பிறகு கணினி வந்ததும் அதையும் படித்தேன். ஒரு பெண் இஸ்குரு டிரைவர் பிடிப்பதைப் பார்த்து நாலு பேர் கேலி செய்தார்கள். அவர்களுடைய கணினிகளையும் நான்தான் திருத்தினேன். படித்த காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு வேலை தந்தவர் ஜயந்த சேர். முன்பு வானொலிப் பெட்டி திருத்தியவர், சிங்களவர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அவர் ஏசியதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு வேலை முடிந்தது என்று நாம் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். “பென்னன்ன” என்பார். காட்டுங்கள் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் அந்த இடமே ஒழுங்காக நடந்தது.

நகல் எடுக்கும் வேலைக்கு அவர் வைத்திருந்த முறை இது. நகல் முடிந்ததும் கணினியை அணைக்க வேண்டும். மூல டிஸ்க்கை, அதாவது எதிலிருந்து நகல் எடுத்தோமோ அந்த டிஸ்க்கைக் கழற்றி, மேசையில் விரித்த மஞ்சள் பிளானல் துணியில் எல்லார் கண்ணுக்கும் தெரிய வைக்க வேண்டும். பெட்டிக்குள் நகல் மட்டும்தான் இருக்க வேண்டும். அதைக் கொண்டு கணினியை எழுப்பி, ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதிச் சேமித்து, அணைத்து, மறுபடி எழுப்பி, அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேலைப் புத்தகத்தில் “பென்னுவா”, அதாவது காட்டப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைக்கலாம். துணியில் மூல டிஸ்க் இல்லையென்றால் அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். ஒன்றும் பேசாமல் தன் கதிரைக்குத் திரும்பிப் போய்விடுவார். ஏச்சு வாங்கியிருந்தால் கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

போர் அதன் கடைசி வருடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சிவபாதம் ஐயா எங்களிடம் வந்தார். யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பேராதனையில் மேட்டுப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தார். அவருடைய மனைவி இராசமலர் தோட்டங்களில் முப்பது வருடம் பிரசவம் பார்த்தவர். எங்கள் பக்கத்தில் தாதியையும் மருத்துவிச்சியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

மிஸ்ஸி தான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தாராம். தாயின் பெயர், எந்த லயத்து வீடு, எத்தனை மணிக்கு, மழையா வெயிலா, பிள்ளை அழுததா, தாய் முதலில் என்ன கேட்டாள், எல்லாம். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டைக் கொளுத்தியபோது அந்தக் கொப்பிகள் முழுதும் போயின. வருடக்கணக்காக அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டு, ஐயா ஓய்வுபெற்றதும் இரண்டு பேரும் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினார்கள். மிஸ்ஸி சொல்வார், ஐயா கணினியில் தட்டுவார். தோட்டம் தோட்டமாகப் போனார்கள்.

“கோப்புகளை மட்டும் சீடியில போட்டுத் தரலாங்க ஐயா” என்றேன் முதல் நாள்.

“அது சரிவராது பிள்ளை. மகளுக்கு அனுப்பிப் பாத்தன். அங்க திறந்தா எல்லாம் கொக்கியும் புள்ளியுமா வருதாம். என்ர எழுத்துரு, தட்டுற புரோகிராம், எல்லாம் இந்த மிசின்ல இருக்கிற மாதிரியே எழும்ப வேணும். ஒருக்கா எரிஞ்சிட்டுது. மூண்டாந்தரம் எழுத எங்களுக்கு ஆயுசு இல்லை.”

அவர் கேட்டது சரி. தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்த காலம் அது. அவருக்கு வேண்டியது உயிரோடு எழும்புகிற நகல்.

அந்த வேலைக்கு மென்பொருள் தேட ஒரு கிழமை எடுத்தேன். மூன்று கிடைத்தன. ஒன்று டிஸ்க் முழுவதையும் அமுக்கி ஒரே கோப்பாக்கி வைக்கும். திரும்ப விரிக்க என்னைப் போல ஓர் ஆள் வேண்டும், அதனால் அதை விட்டேன். இரண்டாவது இலவசம். சீடியிலிருந்து எழும்பி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடி, முடிந்ததும் கணினியை அணைத்துவிடும். பிறகு நாமே பெட்டியைத் திறந்து டிஸ்க்கை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது அழகானது. கணினி வழக்கம்போல ஓடும்போதே ஜன்னல் திறந்து வேலை செய்யும். பச்சைக் கோடு நிறைந்து வரும். முடிந்ததும் தானே அணைந்து, புதிய டிஸ்க்கிலிருந்து தானே எழும்பும். பெட்டியைத் திறக்கவே தேவையில்லை.

ஜயந்த சேர் கறுப்புத் திரையைத்தான் சொன்னார். “அது அணைந்துவிடும். அணைந்தால் நீ திறப்பாய். திறந்தால் கழற்றுவாய்” என்றார். எனக்கு அது கிழவர் பேச்சாகப் பட்டது. ஐயாவுக்கு வசதி என்று சொல்லி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையில் அந்தப் பச்சைக் கோடு எனக்குப் பிடித்திருந்தது.

நகல் எடுக்கப் போன நாள் காலையில் மிஸ்ஸி எனக்குப் பால் தேத்தண்ணி தந்து, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, அப்பா யார் என்றெல்லாம் விசாரித்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“உன்ர அம்மாவை எனக்குத் தெரியும். உன்னைத் தூக்கி எடுத்ததும் இந்தக் கைதான்.”

“அம்மா எப்படி இருப்பாங்க மிஸ்ஸி?” என்றேன்.

“இப்ப அவசரத்தில சொல்ல ஏலாது. பன்விலப் பக்கத்தைக் கடைசிக்கு எண்டு வச்சிருக்கிறன். அங்கதான் கனகாலம் இருந்தனான், ஆறுதலாச் சொல்ல வேணும். உன்ர தோட்டம் வரட்டும். இவர் தட்டுவார், நீ வந்து வாசி.”

மேசையில் கணினிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். புதிய டிஸ்க்கைப் பட்டி வயரில் கொழுவி, தொலைபேசிப் புத்தகத்தின் மேல் கிடத்தியிருந்தேன். பக்கத்தில் மீட்டர், அதற்குரிய சதுர பெட்டரி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், இஸ்குரு டிரைவர்கள். பச்சைக் கோடு பாதிக்கு மேல் போயிருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சுற்றிவளைப்பு, ஒழுங்கை வாசலில் ஆமி நிற்கிறது, வீடு வீடாக வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா மேசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதுவரை என் வேலைச் சாமானாக இருந்தது, வருகிறவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நொடியில்தான் விளங்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழர் வீடு. பன்வில விலாசத்தில் அடையாள அட்டை வைத்திருக்கிற வெளியாள். வயர், பெட்டரி, திறந்த பெட்டி, அதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

“மூடும் பிள்ளை. கெதியா மூடும். உந்த வயருகளைக் கண்டா விளக்கம் சொல்ல விடமாட்டினம்.”

புதிய டிஸ்க்கையும் பெட்டிக்குள்ளேயே தள்ளினேன். மூடியைப் போட்டு நான்கு ஆணியையும் இறுக்கினேன். மீட்டரை மிஸ்ஸி வாங்கித் தையல் பெட்டிக்குள் வைத்தார். கணினி நிற்கவில்லை, உள்ளே நகல் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று பேர் வந்தார்கள். அட்டைகளைப் பார்த்தார்கள். என் அட்டையை இரண்டு தரம் பார்த்தார்கள். இங்கே என்ன வேலை என்று கேட்டபோது, கணினி திருத்த வந்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த நேரம் பார்த்து நகல் முடிந்து, கணினி தானே அணைந்து, தானே எழும்பத் தொடங்கியது. இளையவன் ஒருவன் சட்டென்று திரும்பினான். யாரும் தொடாமல் அது ஏன் எழும்புகிறது என்று கேட்டான். திரையில் ஐயாவின் பேரப்பிள்ளை படம் வந்தது. அவன் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னான். ஐயா திறந்தார். முழுக்கத் தமிழ்.

இது என்ன என்று கேட்டதற்கு மிஸ்ஸிதான் பதில் சொன்னார், நல்ல சிங்களத்தில். “பிள்ளை பிறந்த கதைகள் மகன். நான் மருத்துவிச்சி. உன் அம்மாவுக்கு யார் பார்த்தது?”

அவன் ஏதோ ஊர் பெயர் சொல்லி, அங்கே ஒரு வயதான மருத்துவிச்சி அம்மாதான் பார்த்தார் என்றான். கொஞ்சம் சிரித்தான். போய்விட்டார்கள்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயாவின் முகத்தில் வியர்வை. கொஞ்ச நேரம் கழித்து, “வேலை செய்யுதெல்லோ?” என்றார்.

“செய்யுதுங்க ஐயா. புதுசுலதான் எழும்பியிருக்கு.”

“அப்ப ரெண்டும் உள்ளுக்கயே இருக்கட்டும். அலுமாரிக்குள்ள தனி டிஸ்க் ஒண்டு அம்பிட்டா அதுக்கும் கதை சொல்ல வேணும்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூலத்தைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அந்தப் பெட்டியை இன்னொரு தரம் திறக்கத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

திருத்துமிடத்துக்குத் திரும்பியதும் ஜயந்த சேர் வழக்கம்போல வந்து நின்றார். மூல டிஸ்க் மேசையில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது சேர் என்றேன். வேலைப் புத்தகத்தில் “பென்னுவா” எழுதி ஒப்பமிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன்? நடந்ததைச் சொல்லியிருந்தால் அவர் ஏசியிருக்கமாட்டார். ஆனால் உங்கள் ஆட்கள் வந்தார்கள், நான் பயந்தேன் என்று அந்த நல்ல மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர் தலை குனிந்திருப்பார். அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. மறுநாள் திரும்பப் போய் முறைப்படி செய்திருக்கலாம். போகும் வழியில் இரண்டு சோதனைச்சாவடி. நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று தள்ளினேன். பிறகு மிஸ்ஸி படுக்கையில் விழுந்தார்.

படுக்கையில் இருந்தபடியேதான் பன்வில கதைகளைச் சொன்னார். நான் தொலைபேசியில் விசாரிக்கும்போது ஐயா சொல்வார். “இண்டைக்கு நாலு பேர் முடிச்சம். களைச்சுப் போறா, ஆனா விட மாட்டன் எண்டுறா.” ஒரு நாள், “உம்மட தோட்டமும் முடிஞ்சுது. உம்மட அம்மாவுக்கு எண்டு மூண்டு பக்கம். வாரும், வாசியும்” என்றார். வருகிறேன் என்றேன். அந்தக் கிழமை வேலை அதிகம், அடுத்த கிழமை வீதி மூடல். இப்படி எட்டு மாதம் போய், மிஸ்ஸியும் போய்விட்டார்.

ஐயாவைக் கனடாவில் இருந்த மகள் கூப்பிட்டாள். கணினியைப் பன்வில பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நகலை மட்டும் கையோடு கொண்டுபோகத் தீர்மானித்தார். பழைய டிஸ்க்கில் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களும் இருந்தன. நாளைக்கு யாராவது சோதித்தால் பள்ளிக்கூடத்துக்குத் தொல்லை, அதனால் ஒன்றும் மிஞ்சாமல் அழித்துவிடச் சொன்னார்.

அப்போதாவது நான் காட்டியிருக்க வேண்டும். மூலத்தைக் கழற்றிவிட்டு ஒரு தடவை எழுப்பியிருந்தால் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் எட்டு மாதமாகப் புதிய டிஸ்க்கிலிருந்துதானே தினமும் எழும்புகிறது, ஓடுகிற டிஸ்க்குக்கு என்ன சோதனை என்று நினைத்தேன். நகலைக் கழற்றித் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். வாசிக்க நேரமில்லாமல் போனதே என்றேன். “அங்க போய் அச்சடிச்சு உமக்கு அனுப்புறன்” என்றார். மூல டிஸ்க்கைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை பூச்சியம் எழுதி அழித்தேன். அந்த வேலையை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது.

“பிள்ளை, நீலத் திரையில வந்து நிக்குது, அங்கால போகுதில்லை. மருமகன் ஒராளிட்டக் குடுத்தவர். அந்தாள் வேற மிசின்ல போட்டுப் பாத்திட்டு, பழைய தோட்டமெல்லாம் இருக்கு எண்டுறார். பன்வில மட்டும் இல்லையாம். அப்பிடி ஒரு போல்டரே இல்லை எண்டுறார்.”

அவர் சொல்லி முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. நகல் முதன்முதலில் கண் விழித்தபோது மூலமும் பக்கத்திலேயே இருந்தது. அதனால் எழும்புகிற வேலையை மட்டும் நகல் செய்துகொண்டு, எழுதுவது சேமிப்பது எல்லாவற்றுக்கும் மூலத்தின் முகவரியையே பிடித்துக்கொண்டது. எட்டு மாதமாக ஐயா தட்டிய ஒவ்வொரு எழுத்தும் மூல டிஸ்க்கில்தான் போய் விழுந்தது. முதல் தடவை எழுப்பும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடவும் என்று அந்த அழகான மென்பொருளின் கைநூலிலேயே ஒரு வரி இருந்ததைப் பிறகு பார்த்தேன்.

“என்ன நடந்திருக்கும் பிள்ளை?” என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எயார்போர்ட்ல எக்ஸ்ரே மிசின்ல போட்டீங்களா ஐயா?” என்று வந்தது.

“ஓம். கைப்பையோட போட்டனான்.”

“அதாத்தான் இருக்கும்.”

“சட்டைப் பைக்குள்ள வச்சிருக்க வேணும். நான்தான் யோசிக்கேல்லை” என்றார்.

எக்ஸ்ரேயில் டிஸ்க் கெடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் திருத்துமிடத்தில் இரண்டு பழைய டிஸ்க்கை எடுத்து, அதே மென்பொருளைப் போட்டு, அதே மாதிரி இரண்டையும் உள்ளே வைத்து எழுப்பினேன். பிறகு மூலத்தைக் கழற்றினேன். நீலத் திரை வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஜயந்த சேர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. போய் வேலைப் புத்தகத்தை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, என் ஒப்பத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனார். அதைப் பற்றி அவர் சாகும்வரை என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பக்கத்தை நானும் திருத்தவில்லை.

ஐயா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை கூப்பிடுவார். மிஸ்ஸி சொன்னதில் யாருடைய பெயராவது ஞாபகம் வந்திருக்கும். “எழுதும் பிள்ளை. மேல் பிரிவு, மாரியாயி, இரட்டைப் பிள்ளை, சரியான மழை.” நான் ஒரு கொப்பியில் எழுதுவேன். நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். மிஸ்ஸி எத்தனை நூறு பேருக்குப் பார்த்தாரோ.

என் அம்மாவைப் பற்றிய மூன்று பக்கத்தில் என்ன இருந்தது என்று ஐயாவிடம் கேட்டிருக்கலாம். தட்டியவர் அவர்தானே, ஒரு வரியாவது நினைவிருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்தேன். அவரிடம் எதையும் கேட்டு வாங்குகிற முகம் எனக்கு இருக்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. தன் கவனயீனத்தால் என் அம்மாவையும் தொலைத்துவிட்டதாக நினைத்து வெட்கப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ருஷ்னா, எந்த மென்பொருளையும் எடு. மூல டிஸ்க்கைக் கழற்றி, மேசையில் உன் கண்முன்னே வைத்துவிட்டு நகலை எழுப்பு. யார் வாசலில் வந்து நின்றாலும், அவர்கள் போன பிறகு பெட்டியைத் திரும்பத் திற. திறக்கவில்லையென்றால், திறக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடு.

ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சின் கடைசியிலும் ஐயா ஒன்றையே சொல்வார். “எல்லாம் என்ர பிழை பிள்ளை. அவ சொன்னதை நான்தான் கவனமாக் கொண்டுவரேல்லை.”

நாலு வருடமும் ஒவ்வொரு தடவையும் நான் அவருக்குச் சொன்ன பதில், “பரவாயில்லைங்க ஐயா.”